லேப்டாப்பில் சத்தம் பத்தலையா? ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ரவுண்டு போகலாம்!

சென்னை அண்ணா சாலையிலிருந்து நரசிங்கபுரம் தெருவுக்குள் திரும்பினால் இரைச்சல் குறையாது. வேறு இரைச்சலாக மாறும். அங்கே பஸ் ஹாரன். இங்கே ஒரு கடையில் இளையராஜா, எதிர்க்கடையில் அனிருத், மூன்றாவது கடையில் பாட்டே இல்லாமல் 'டும்... டும்...' என்று ஊஃபரை மட்டும் சோதிக்கும் சத்தம். அட்டைப்பெட்டிகளைத் தலைக்கு மேல் அடுக்கிக்கொண்டு வரும் மீன்பாடி வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினால், அங்கே ஒருவர் பழைய ரிமோட்களைக் கூறுகட்டி வைத்திருப்பார். "என்ன பாஸ் வேணும்? சி.சி.டி.வி.யா, சார்ஜரா, ஸ்பீக்கரா?" என்று பத்தடிக்கு ஒரு குரல்.

இதுதான் ரிச்சி ஸ்ட்ரீட். பெயர்தான் ஒரு தெருவுடையது. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சுற்றியிருக்கும் தெருக்கள், அவற்றின் சந்துகள், சந்துகளுக்குள் இருக்கும் மாடிகள் எல்லாம் சேர்ந்ததுதான் சென்னைவாசிகள் சொல்லும் 'ரிச்சி'. எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்தபடியாக நாட்டில் பெயர் வாங்கிய சந்தை.

இந்தச் சந்தைக்கு வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. கையில் லேப்டாப் பை, முகத்தில் ஒரு குழப்பம். "லேப்டாப்ல சத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. வெளியில ஸ்பீக்கர் போட்டா கேக்குமா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. கேட்கும். ஆனால், எந்த ஸ்பீக்கர், எந்த ஒயர், எவ்வளவு காசு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சரியாகக் கேட்டு வாங்கினால் ஒரு கேபிள் விலையிலேயே வேலை முடியும். கேட்காமல் வாங்கினால், 2,000 ரூபாய் பெட்டியும் பரணில்தான் தூங்கும்.

சின்னத் தறியிலிருந்து சின்ன சிப் வரை

ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1734-ல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் சென்னையின் கவர்னராக இருந்தபோது, கிழக்கிந்திய கம்பெனிக்குத் துணி நெய்து கொடுக்க நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை இது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். அன்றைக்கு நூல் ஓடிய இடத்தில் இன்று ஒயர் ஓடுகிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ரிச்சியை ஒட்டியிருக்கும் மீரான் சாகிப் தெரு, ஒருகாலத்தில் தமிழ் சினிமா விநியோகஸ்தர்களின் தெரு. படப்பெட்டிகள் இங்கிருந்துதான் ஊர் ஊராகப் போயின. பக்கத்திலேயே கேசினோ தியேட்டர். கொஞ்சம் நடந்தால் தேவி. படம் பார்ப்பதற்கும் பாட்டு கேட்பதற்கும் பழகிய மண் இது.

ரேடியோ, டேப்ரெக்கார்டர் காலத்தில் உதிரிபாகம் தேடி வந்தவர்கள், பிறகு டி.வி.க்கும் வி.சி.ஆருக்கும் வந்தார்கள், அதற்குப் பிறகு கம்ப்யூட்டருக்கு. இப்போது செல்போன், கேமரா, ட்ரோன் எல்லாம் கிடைக்கிறது. ஆனாலும் அந்தப் பழைய ரேடியோ வாசனை இன்னும் போகவில்லை. '4440 போர்டு இருக்கா அண்ணே?' என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் அசெம்பிள் செட் செய்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஆம்ப்ளிஃபையர் சிப் அது. கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே எடுத்துக் கொடுப்பார்.

லேப்டாப் ஏன் முணுமுணுக்கிறது?

2011-ல் தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கிய பிறகு, அதுவரை கம்ப்யூட்டரே பார்க்காத பல வீடுகளுக்குள் லேப்டாப் நுழைந்தது. அண்ணன் படித்து முடித்து, தங்கை படித்து முடித்து, இன்று அதே லேப்டாப்பில் பாட்டி சீரியல் பார்க்கும் வீடுகள் உண்டு. அவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரே குறை, சத்தம்.

இது ரிப்பேர் அல்ல. லேப்டாப்பின் அமைப்பே அப்படி. பெரும்பாலான லேப்டாப்களில் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் சுமார் 2 வாட்தான். தீப்பெட்டி அளவே இருக்கும் அவை, பல மாடல்களில் கீழ்ப்பக்கம் பார்த்தபடி இருக்கும். மேஜைமேல் வைத்தால் சத்தம் மேஜையில் பட்டுத் தெறித்து வரும். மெத்தைமேல் வைத்தால் மெத்தையே அமுக்கிவிடும். சத்தம் என்பது காற்றைத் தள்ளும் வேலை. தவில் சத்தத்துக்குப் பெரிய தோல் வேண்டும் என்பதுபோல, கனமான ஒலிக்குப் பெரிய கோன் வேண்டும். விரல்நகம் அளவு கோன் எவ்வளவு காற்றைத் தள்ளிவிட முடியும்?

அதனால்தான், "உள்ள இருக்குற ஸ்பீக்கரையே பெருசா மாத்த முடியாதா?" என்று கேட்பவர்களிடம், "அதுக்குள்ள எடம் ஏது சார்? வெளியதான் போகணும்" என்கிறார்கள் கடைக்காரர்கள்.

ஆனால், பர்ஸைத் திறப்பதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. விண்டோஸில் சவுண்ட் அமைப்புக்குள் போய், ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக இருக்கும் சத்தத்தைப் பாருங்கள். பிரவுசர் மட்டும் பாதியில் நிற்கக்கூடும். சில லேப்டாப்களில் 'லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்' என்ற வசதி இருக்கும். அதை டிக் செய்தால், மெதுவாகப் பேசும் வசனம் கொஞ்சம் மேலே வரும். வி.எல்.சி. பிளேயரில் சத்தத்தை 100-க்கு மேலும் ஏற்றலாம். ஏற்றும்போது குரல் கரகரத்தால் அதுதான் எல்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால்தான் ரிச்சி.

உத்திரமேரூர் டீச்சரும் இரண்டு பின்களும்

வாலர்ஸ் ரோடு பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஸ்பீக்கர் கடை. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தார் ஒரு பெண். வீட்டு மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு, சாயங்காலம் 20 பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவர். தன் பள்ளிக்காலத்தில் வாங்கிய அரசு லேப்டாப்பில் இங்கிலீஷ் கதைகளைப் போட்டுக் காட்டுவது வழக்கம். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும் கேட்கும். கடைசி வரிசை வேடிக்கை பார்க்கும். மழை பெய்தால் முன்வரிசைக்கும் கேட்காது.

"அண்ணே, அந்த யூ.எஸ்.பி. ஸ்பீக்கர் குடுங்க. அதான் விலை கம்மி" என்றார். கையில் 2,000 ரூபாய்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கடைக்காரர் பெட்டியை எடுக்கவில்லை. கேள்விதான் கேட்டார். "ரூம் எவ்ளோ பெருசும்மா? கடைசிப் புள்ள எவ்ளோ தூரத்துல உக்காரும்? அங்க பிளக் பாயின்ட் இருக்கா? லேப்டாப்ல ஹெட்போன் ஓட்டை வேலை செய்யுதா?"

இந்த நான்கு கேள்விகளில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

யூ.எஸ்.பி. ஸ்பீக்கர் தனக்கு வேண்டிய மின்சாரத்தையே லேப்டாப்பிடமிருந்துதான் எடுக்கிறது. சாதாரண யூ.எஸ்.பி. 2.0 துளை தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் 2.5 வாட். வாங்குவதே அவ்வளவுதான் என்றால், கொடுப்பது அதற்கு மேல் இருக்க முடியாது. ஒரு மேஜையில் தனியாக உட்கார்ந்து பாட்டு கேட்பவருக்கு அது போதும். பெட்டி பெரிது, கோன் பெரிது என்பதால் லேப்டாப்பைவிட நன்றாகவே கேட்கும். 20 பிள்ளைகளுக்குப் போதாது.

இன்னொரு குழப்பத்தையும் அவர் அங்கேயே தீர்த்துவைத்தார். இந்த ரக ஸ்பீக்கர்கள் பலவற்றில் ஒரே ஒயரிலிருந்து இரண்டு பின்கள் பிரியும். ஒன்று யூ.எஸ்.பி., மற்றொன்று ஹெட்போனில் இருப்பதுபோன்ற 3.5 எம்.எம். பின். முதலாவது கரன்ட்டுக்கு, இரண்டாவது பாட்டுக்கு. யூ.எஸ்.பி.யை மட்டும் செருகிவிட்டு, 'லைட் எரியுது, சத்தம் வரலை' என்று பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருபவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டாம்.

டீச்சருக்கு அவர் எடுத்துவைத்தது, சுவரில் பிளக் செருகும் ரகம். உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் வைத்த இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்கள். இதைத்தான் '2.0' என்கிறார்கள். இதோடு தரையில் வைக்கும் ஊஃபர் பெட்டி ஒன்று சேர்ந்தால் அது '2.1'. "பாட்டுக்குன்னா 2.1 எடுங்க. பாடம் நடத்த 2.0 போதும். பேச்சுக்கு ஊஃபர் எதுக்கு? வெறும் இடிதான் கேக்கும்" என்றார்.

பிறகு ஒரு வித்தை சொன்னார். இரண்டு பெட்டிகளையும் டீச்சரின் மேஜைமேலேயே வைக்காமல், ஒன்றை முன்னாலும் மற்றதை வகுப்பின் பாதி தூரத்திலும், பிள்ளைகளின் தலைக்குச் சற்று மேலே வருமாறு வைப்பது. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். அதை ஈடுகட்ட வேண்டுமென்றால் நான்கு மடங்கு வாட் தேவை. அதைவிடப் பெட்டியை நகர்த்துவது சுலபம். இப்படிப் பிரித்து வைக்கும்போது ஒரு பக்கத்தில் வசனமும் மறுபக்கத்தில் இசையுமாகப் பிரிந்து கேட்காமலிருக்க, விண்டோஸில் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை ஆன் செய்தால் இரண்டு பெட்டிகளிலும் ஒரே ஒலி.

இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் ஒயர் நீளம் பத்தாது என்பதால், மீட்டர் கணக்கில் ஸ்பீக்கர் ஒயரும் வெட்டி வாங்கிக்கொண்டார். எல்லாம் போக பஸ்ஸுக்குக் காசு மிஞ்சியது. கடையை விட்டு இறங்குவதற்கு முன், தன் லேப்டாப்பையே செருகி ஒரு கதையைப் போட்டுப் பார்த்தார். தெருவின் மறுபக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "கடைசி பெஞ்சுக்குக் கேட்டுடுச்சும்மா" என்றார் கடைக்காரர்.

'5,000 வாட்' என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்

ரிச்சியின் சில பெட்டிகளில் கொட்டை எழுத்தில் ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்று இருக்கும். கண் இமைக்கும் நேரத்தில் பாகங்கள் எல்லாம் சேர்ந்து உச்சமாக எவ்வளவு தரக்கூடும் என்று விற்பனைக்காகப் போடும் கணக்கு அது. பொதுவான அளவுகோல் எதுவும் அதற்குக் கிடையாது. நீங்கள் பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்.' என்ற மூன்று எழுத்தை. தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்பதை அதுதான் சொல்லும். அந்த எண் எங்கேயும் அச்சாகவில்லை என்றால் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

வாட் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று நினைப்பதும் தப்பு. 10 வாட்டை 20 வாட் ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 20 வாட்டுக்கும் 25 வாட்டுக்கும் இடையே 500 ரூபாய் வித்தியாசம் என்றால், யோசிக்காமல் 20-ஐ எடுக்கலாம். ஒரு படுக்கையறைக்கு 10 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம். நடுத்தர ஹாலுக்கு 20 முதல் 40 வாட் வரை போதும்.

மஞ்சள் பைக்குள் பழைய பெட்டி

ரிச்சியின் அழகே புதுசு விற்கும் கடையில் இல்லை. பழசுக்கு உயிர் கொடுக்கும் மாடிக்கடைகளில் இருக்கிறது.

அப்படியொரு போர்டு கடைக்குப் பெரியவர் ஒருவர் வந்தார். தபால்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மஞ்சள் பைக்குள் ஒன்று, கட்டைப்பைக்குள் ஒன்றாக இரண்டு பழைய ஸ்பீக்கர் பெட்டிகள். டேப் டெக் எப்போதோ செத்துவிட்டது. பெட்டிகளை மட்டும் வீட்டில் யாரும் தூக்கிப்போட மனசு வரவில்லை. மனைவி இருந்தவரை அதில்தான் மார்கழிக் கச்சேரி கேட்பாராம். மகன் கொடுத்த லேப்டாப் ஒன்று இப்போது வீட்டில் இருக்கிறது. அந்தப் பெட்டியில் இந்த லேப்டாப்பின் பாட்டு வருமா என்பதுதான் கேள்வி.

"பேத்தி ஒயரை உரிச்சு லேப்டாப்ல செருகிப் பாத்தா தம்பி. எறும்பு பேசுற மாதிரி கேட்டுது" என்றார்.

காரணம் எளிது. டெக்கோடு வந்த பெட்டிகளுக்குள் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. அது டெக்குக்குள் இருந்தது. ஹெட்போன் துளையிலிருந்து வரும் மின்சாரம் காதில் மாட்டும் சின்ன ஸ்பீக்கருக்கானது. பெரிய கோனை அது அசைக்காது. நடுவில் ஆம்ப்ளிஃபையர் ஒன்று வேண்டும்.

கடைப்பையன் முதலில் பெட்டியின் ஆரோக்கியத்தைப் பார்த்தான். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரின் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுத்தான். 'டப்' என்றது. கோன் முன்னால் துள்ளியது. இரண்டாவது பெட்டியும் 'டப்'. பிறகு விரல்களால் கோனை மெதுவாக, இருபக்கமும் சமமாக அழுத்தினான். உரசல் சத்தம் கேட்டால் உள்ளே காயில் போயிற்று என்று அர்த்தம். கேட்கவில்லை. ஆனால், ஒரு பெட்டியில் கோனைச் சுற்றியிருந்த நுரை வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அது அப்படித்தான் ஆகும். "வளையம் மட்டும் மாத்திக்கலாம் தாத்தா. கோனுக்கு ஒண்ணும் இல்ல" என்றான்.

வீட்டு உபயோகத்துக்கு ஏற்ற போர்டுகள் பல ரகம். 8403 என்ற எண் கொண்ட, ஸ்டாம்ப் அளவே இருக்கும் போர்டு 5 வோல்ட்டில் ஓடும். பக்கத்துக்கு 3 வாட் தரும். செல்போன் சார்ஜரே அதற்குப் போதும். 7297 சிப் வைத்த போர்டு 12 வோல்ட் கேட்கும். இன்னும் கொஞ்சம் பலசாலி. 3116 சிப் வைத்தது இவற்றுக்கெல்லாம் அண்ணன். அதற்கு 24 வோல்ட் வரையிலான அடாப்டர் வேண்டும்.

பெரியவருக்கு நடுவில் இருப்பது போதும் என்று முடிவானது. போர்டு, 12 வோல்ட் அடாப்டர், ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு வால்யூம் குமிழ். எல்லாம் சேர்த்து ஒரு புது 2.1 செட்டைவிடக் கணிசமாகக் குறைவு. ஒயர் மாட்டும்போது பையன் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "சிவப்பு சிவப்போட, கறுப்பு கறுப்போட. ஒரு பெட்டியில மட்டும் மாத்தி மாட்டினா ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்கும். மிருதங்கம் காணாமப் போயிடும் தாத்தா."

சோதிக்க அவன் போட்டது ஒரு குத்துப்பாட்டு. பெரியவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "வீட்ல போய்க் கேட்டுக்குறேன்பா" என்றபடி பெட்டிகளைத் திரும்பப் பைக்குள் வைத்தார். வைப்பதற்கு முன், வேட்டி முனையால் ஒருமுறை தூசி துடைத்தார்.

உங்கள் வீட்டில் டெக்கோ ஹோம் தியேட்டரோ இன்னும் உயிரோடு இருந்தால் இவ்வளவும் தேவையில்லை. அதன் பின்பக்கத்தில் 'ஆக்ஸ்' அல்லது 'லைன் இன்' என்று எழுதிய துளைகள் இருக்கும். பெரும்பாலும் சிவப்பு, வெள்ளை நிறத்தில் இரண்டு. ஒரு முனையில் 3.5 எம்.எம். பின், மறுமுனையில் சிவப்பு, வெள்ளை பின்கள் இருக்கும் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பு வலது, வெள்ளை இடது. அவ்வளவுதான், லேப்டாப் பாட ஆரம்பித்துவிடும். டி.வி. இருக்கிற வீடு என்றால் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றே போதும். படமும் சத்தமும் சேர்ந்தே போகும்.

ஒயர் இல்லாமல் முடியாதா?

முடியும். ப்ளூடூத் ஸ்பீக்கர்கள்தான் இப்போது கடைகளின் முன்வரிசையில் இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் ப்ளூடூத் என்ற அரசனின் பெயர் அது. சிதறிக் கிடந்த பகுதிகளை ஒன்று சேர்த்தவர் என்பதால், கருவிகளைச் சேர்க்கும் தொழில்நுட்பத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பாட்டு கேட்கவும் வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்கவும் ப்ளூடூத் வசதிதான். ஆனால், இரண்டு விஷயங்கள். ஒன்று, ஒலி காற்றில் பயணம் செய்வதற்கு முன் சுருக்கப்பட்டு, பிறகு விரிக்கப்படுகிறது. அதில் நொடியில் ஒரு சிறு பங்கு தாமதம் வரும். படம் பார்க்கையில் உதடு முதலிலும் வசனம் பிறகும் வருவது அதனால்தான். பல வீடியோ ஆப்கள் இதைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும்; கேம் ஆடுகிறவர்களுக்கும் கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கும் ஒயர்தான் நல்லது. இரண்டு, விண்டோஸ் சில சமயம் அதே ஸ்பீக்கரை 'ஸ்டீரியோ', 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்று இரண்டு பெயர்களில் காட்டும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு பழைய டெலிபோனில் கேட்பதுபோல இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள்.

ஹெட்போன் துளையே இல்லாத அல்லது துளை கெட்டுப்போன லேப்டாப்காரர்களுக்கும் வழி இருக்கிறது. யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டு என்று கேட்டால், கட்டைவிரல் அளவு சாதனம் ஒன்றைத் தருவார்கள். அதை யூ.எஸ்.பி.யில் செருகினால், மறுபக்கம் 3.5 எம்.எம். துளை தயார். மதர்போர்டைப் பிரித்து வேலை பார்க்கும் செலவு மிச்சம்.

மாட்டியும் சத்தம் வரவில்லையா?

கடைக்காரர்களுக்கு வரும் போன்களில் பாதி இதுதான் என்கிறார்கள். வரிசையாகப் பாருங்கள்.

பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? பாதியில் நின்றால் ஒருபக்கம் மட்டும் கேட்கும்.

திரையின் ஓரத்தில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, எந்த ஸ்பீக்கர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். புதிய ஸ்பீக்கரை மாட்டியும் லேப்டாப் பழையதிலேயே பாடிக்கொண்டிருக்கலாம்.

'ஊம்ம்ம்' என்று விடாமல் இரைச்சல் வருகிறதா? லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஸ்பீக்கரில் பழுதில்லை. மின் இணைப்பின் எர்த்தில்தான் சிக்கல். லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே பிளக் போர்டில் செருகினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால், 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சின்ன உருளை ஒன்றும் ரிச்சியில் கிடைக்கிறது.

லேப்டாப்பில் சத்தத்தை முக்கால் பங்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஸ்பீக்கர் குமிழில் ஏற்றுவது நல்லது. லேப்டாப்பைக் குறைத்து ஸ்பீக்கரை முழுதாகத் திருகினால் 'உஸ்ஸ்' என்ற சத்தமும் சேர்ந்து பெருகும். பின்னைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் குமிழைக் குறைத்துவிடுங்கள். அந்த 'படார்' சத்தம் கோனுக்கு ஆகாது.

வைக்கும் இடமும் முக்கியம். இரண்டு பெட்டிகளும் நீங்களும் முக்கோணத்தின் மூன்று மூலைகள்போல, சம தூரத்தில், காதுமட்டத்தில். அப்போதுதான் வீணை ஒருபக்கமும் வயலின் மறுபக்கமுமாகப் பிரிந்து கேட்கும். ஸ்டீரியோ என்பதே அதற்குத்தான். 1931-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைனுக்கு அந்த யோசனை வந்தது ஒரு சினிமா தியேட்டரில் என்பார்கள். நடிகர் திரையின் ஒரு மூலையில் நிற்க, குரல் வேறு இடத்திலிருந்து வந்தது அவரை உறுத்தியதாம்.

பக்கத்து வீட்டுக்கும் காது இருக்கிறது

சத்தம் பத்தவில்லை என்று வந்தவர்கள், சத்தம் அதிகம் என்ற புகாரோடு முடிக்கக் கூடாது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை அது இரவு. காதுக்கும் கணக்கு உண்டு. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாட்டு ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், குமிழைக் கொஞ்சம் இடதுபக்கம் திருப்புங்கள்.

மாறும் தெரு

போனில் தட்டினால் மறுநாள் ஸ்பீக்கர் வாசலுக்கு வந்துவிடுகிற காலம் இது. விலை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் ரிச்சிக்கு வந்து, கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் ஆன்லைனில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கேபிள் விற்ற கடைகளில் சில, செல்போன் கவர் விற்கும் கடைகளாக மாறிவிட்டன.

ஆனால், 'கடைசிப் புள்ள எவ்ளோ தூரத்துல உக்காரும்?' என்று எந்த ஆப்பும் கேட்பதில்லை. பேட்டரியைத் தொட்டுப் பார்த்து, 'பெட்டி நல்லா இருக்கு, புதுசு வாங்காதீங்க' என்று சொல்வதும் இல்லை. அந்த ஒரு கேள்விக்காகவும் இந்த ஒரு பதிலுக்காகவும்தான் இன்னும் மஞ்சள் பையோடு ஆட்கள் இந்தத் தெருவுக்குள் திரும்புகிறார்கள்.

ரிச்சிக்குப் போகிறீர்களா?

* மெட்ரோவில் வருபவர்கள் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வரலாம். பறக்கும் ரயில் என்றால் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன். காரில் வருவதைத் தவிருங்கள். நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. மற்ற நாள்களில் 11 மணிக்கு மேல் போனால் எல்லாக் கடைகளும் திறந்திருக்கும். சாயங்காலக் கூட்டத்துக்கு முன் போனால், கடைக்காரர் நின்று பதில் சொல்வார்.

* உங்கள் லேப்டாப்பையே கொண்டுபோங்கள். பழைய ஸ்பீக்கர், டெக் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் என்பதை அந்தப் போட்டோவே சொல்லிவிடும்.

* முதல் கடையிலேயே வாங்காதீர்கள். மூன்று கடையில் கேட்டால் சரியான விலை தெரிந்துவிடும். பேரம் பேசலாம்.

* வாங்கும் முன் மாட்டிக் கேளுங்கள். தெரிந்த பாட்டு ஒன்று, யாராவது பேசும் வீடியோ ஒன்று, இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று தனித்தனியாகக் காது வையுங்கள்.

* ஜி.எஸ்.டி. பில்லும், வாரன்டி கார்டில் கடை முத்திரையும் வாங்குங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால், ரிப்பேர் என்று வரும்போது அந்தக் குறைப்பு நினைவுக்கு வரும்.

* பர்ஸையும் போனையும் முன்பாக்கெட்டில் வையுங்கள். கூட்டம் அப்படி!